ஆழம் சொல்லும் பெட்டி

செம்மலைக்கு ரேடியோ ரிப்பேர் தெரியாது. இதை அவர் காரைக்குடியில் சொல்லாத தெரு இல்லை. இஸ்திரிப் பெட்டி தெரியாது, டார்ச் லைட் தெரியாது, மாவு மில் மோட்டார் தெரியவே தெரியாது. ஊருக்கு வெளியே இருந்த மின்வேதி ஆராய்ச்சிக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தார் என்பது உண்மை. ஆனால் அங்கே அவர் பார்த்த வேலை வேறு. இரும்பு, பித்தளை, அலுமினியத் தகடுகளை உப்புத் தண்ணீர் புகையாக அடிக்கும் கூண்டுக்குள் தொங்கவிட வேண்டும். நாள் முடிந்ததும் எடுத்துக் கழுவி, எடை போட்டு, துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு சாமான் எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. எப்படிக் கெடும் என்று மட்டும் தெரியும்.

யார் கேட்டார்கள்? "அவரு கரண்டு ஆராய்ச்சியில இருக்காருப்பா" என்று ஒருவர் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் செஞ்சைப் பகுதியில் இருந்த அவர் வீட்டு வாசலில் ஒரு டிரான்சிஸ்டர் வந்து உட்கார்ந்துவிடும்.

எழுபத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்து உட்கார்ந்தது டிரான்சிஸ்டர் இல்லை. ஒரு ரிக்‌ஷா நிறைய அட்டைப் பெட்டி, வைக்கோல், சணல். கூடவே அத்தர் வாசனை. இரும்புக் கடை ஜமால் முகம்மது இறங்கினார்.

"தம்பி, இருக்கீகளா? ஒரு சின்ன வேலை."

"பாய், எனக்கு ரேடியோ தெரியாது."

"ரேடியோ இல்லப்பா. கடல் ஆழம் பாக்குற மிஷினு."

"அது சுத்தமாத் தெரியாது."

"தெரியாதுன்னா என்னா? நீங்க படிச்ச ஆளுக நடுவுல வேலை பாக்குறவரு. பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றபடி அவர் வைக்கோலைப் பிரிக்க ஆரம்பித்தார். செம்மலையின் மனைவி காளியாயி அப்போதுதான் வாசலைக் கூட்டி முடித்திருந்தாள். அவள் விளக்குமாற்றைக் கீழே போட்ட சத்தத்தில் ரிக்‌ஷாக்காரரே திரும்பிப் பார்த்தார்.

வைக்கோலுக்குள்ளிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டும் எக்கோ சவுண்டர். பினாங்கில் இருந்த ஜமால் முகம்மதுவின் சிற்றப்பா மகன், எதை அனுப்புவது என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டையும் ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். வேலை எளிதுதான். பெட்டியிலிருந்து ஒரு வயர் போகும். அதன் நுனியில் இருக்கும் குமிழைத் தண்ணீருக்குள் விட வேண்டும். அது கீழே ஒரு சத்தத்தை அனுப்பும். தரையில் மோதித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை வைத்து, பெட்டியின் முகத்தில் சுற்றுகிற சக்கரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம் மின்னும். எந்த எண்ணுக்கு நேரே மின்னுகிறதோ அத்தனை பாகம் ஆழம். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்.

ஒன்று புத்தம் புதுசு. கல்யாணத் தாம்பாளம் மாதிரிப் பளபளத்தது. முகத்தில் வெள்ளிப் பூண், பக்கத்துக்கு மூன்று திருகு. மற்றது சாம்பல் நிறம். மூலையில் பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கம் நசுங்கி, ஏதோ மீன்பிடிக் கப்பலில் மூன்று வருஷம் கிடந்துவிட்டு வந்தது.

"இதுல எது நல்லதுன்னு சொல்லுங்க, போதும்" என்றார் ஜமால் முகம்மது. சொல்லிக்கொண்டே பளபளப்பானதைத் தன் துண்டால் துடைத்தார். அவர் மனசுக்குள் எது நல்லது என்று அப்போதே முடிவாகியிருந்தது. செம்மலை அதை ஆமோதிக்க வேண்டும், அவ்வளவுதான். செம்மலைக்கு முதல் எரிச்சல் அங்கே தொடங்கியது.

விஷயம் இல்லாமல் இல்லை. தொண்டியில் ஜமால் முகம்மதுவுக்கு ஒரு பாய்மரத் தோணி இருந்தது. கூரை ஓடும் கரியும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் வரைக்கும், பாம்பன் கால்வாய் வழியாகத் தூத்துக்குடி வரைக்கும் போய் வரும். தோணியை நடத்தும் தண்டல், அவர் தங்கை அமீனாவின் கணவர் பீர் முகம்மது. அந்தத் தை மாதம் விடியற்காலைப் பனியில் தோணி மணல்திட்டில் ஏறிவிட்டது. பனியில் எதிரே எதுவும் தெரியவில்லை. ஈயக் குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழம் பார்க்கிற ஆள் கை விறைத்து, இரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் விட்டிருக்கிறான். ஏற்றிய ஓட்டில் பாதியைக் கடலில் தள்ளிய பிறகுதான் தோணி மிதந்தது. அப்போது கயிறு இழுத்ததில் பீர் முகம்மதுவுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. அமீனா அண்ணனிடம் வந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: பனியிலும் ஆழம் சொல்கிற மிஷின் தோணியில் ஏறினால்தான் என் வீட்டுக்காரர் ஏறுவார்.

"அப்ப அந்த மிஷின் சொல்றதை நம்பித்தான் அவரு தோணியை விடுவாரு" என்றார் செம்மலை.

"ஆமா."

"மிஷின் தப்பாச் சொன்னா?"

"நல்ல மிஷின் எதுக்குப்பா தப்பாச் சொல்லப் போகுது?"

செம்மலையால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. அவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் உப்புக் காற்று ஒரு பெட்டிக்குள் போய் என்னென்ன பண்ணும் என்று அந்த ஊரில் தெரிந்த நாலைந்து பேரில் அவர் ஒருவர். உள்ளே கூப்பிட்டார்.

முதலில் ஒரு காந்தத்தைப் புதுப் பெட்டியின் திருகில் வைத்தார். சட்டென்று ஒட்டியது. மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே இரும்பு. சாம்பல் பெட்டியின் திருகில் வைத்தார். ஒட்டவில்லை. பித்தளை. புதுப் பெட்டியின் மூடி, பிஸ்கட் டப்பா மூடி போல வெறுமனே உட்கார்ந்திருந்தது. சாம்பல் பெட்டியின் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே சுற்றிலும் கறுப்பு ரப்பர் வளையம்.

"பாய், இதுதான் நல்லது" என்று சாம்பலைத் தொட்டார்.

ஜமால் முகம்மதுவின் முகம் தொங்கிவிட்டது. "மூணு வருசம் ஒழைச்ச கிழடுப்பா அது."

"மூணு வருசம் கடல்ல கெடந்துட்டு இன்னும் வேலை செய்யுது. அதைத்தான் நானும் சொல்றேன்."

"புதுசை விட்டுட்டுப் பழசைத் தூக்கி வச்சா நாலு பேரு என்னா சொல்வாக?"

"நாலு பேரா தோணியில போறாக?"

"திருகுல காந்தம் ஒட்டுனதுக்கெல்லாம் ஒரு மிஷினைத் தள்ளுவீகளா? நல்லாச் சோதிச்சுப் பாருங்க தம்பி. அதுக்குத்தானே ஒங்கக்கிட்ட வந்தது."

ஆராய்ச்சிக் கூடத்துக் கூண்டுக்குள் வெளியாள் சாமானை வைக்க முடியாது. அதனால் செம்மலை கொல்லையில் ஒரு கூண்டு செய்தார். காளியாயி நெல் ஊறப் போடுகிற பெரிய மண் மொடாதான் கூண்டு. அடியில் நாலு படி உப்பைக் கரைத்து ஊற்றி, செங்கல் அடுக்கி, அதன் மேல் இரண்டு பெட்டியையும் வைத்து, ஈரச் சாக்கால் மூடினார். தினம் இரண்டு வேளை கொதிக்கிற உப்புத் தண்ணீரை ஓரமாக ஊற்ற வேண்டும். உள்ளே ஆவி நிற்க வேண்டும். எட்டு நாளைக்கு யாரும் திறக்கக் கூடாது.

அதற்கு முன்னால், இரண்டு மிஷினையும் கண்டரமாணிக்கத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோய், தன் அப்பா வயல் கிணற்றில் குமிழைத் தண்ணீர் மட்டத்தில் தொங்கவிட்டுப் பார்த்திருந்தார். கயிறு விட்டு அளந்தால் மூன்று பாகம். இரண்டு பெட்டியும் மூன்று என்றே சொல்லின. அப்பா மட்டும், "கெணத்துல எம்புட்டுத் தண்ணின்னு எனக்குத் தெரியாதாடா? இதுக்குப் பினாங்குல இருந்து ஆளு வரணுமா?" என்று கேட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

எட்டு நாளும் செம்மலை உருப்படியாகத் தூங்கவில்லை. காரணம் உப்பு இல்லை, ஜமால் முகம்மது. இரண்டாம் நாள் வேலை முடிந்து வந்தபோது கொல்லையில் அத்தர் வாசனை அடித்தது.

"பாய் வந்தாரா?"

"வந்தாரு" என்றாள் காளியாயி. "சாக்கைத் தூக்கிப் பாத்தாரு. பளபளன்னு இருக்குறதைக் கையில எடுத்துத் தொடைச்சாரு. திருப்பி வச்சாரு. போனாரு."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"என் மொடாவை நீங்க எடுத்தப்ப யாரு என்னையக் கேட்டாக? அவரு சாமானை அவரு எடுத்தப்ப நான் கேக்கவா?"

செம்மலை மூன்றாம் நாளிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். நாலாம் நாள் மறுபடி வாசனை. இந்த முறை ஜமால் முகம்மது நேரிலேயே இருந்தார், பெட்டி மடியில்.

"பாய்! தெறந்தா ஆவி போயிரும்னு சொன்னேனா இல்லையா?"

"வேர்த்துப் போய்க் கெடக்குப்பா. பாக்க மனசு கேக்கல. பச்சப்புள்ளய உப்புக்குள்ள பொதச்ச மாதிரி இருக்கு."

"கடல்ல வேர்க்காதா?"

"கடல்ல வேர்க்குறது அது தலையெழுத்து. வேணும்னே யாராச்சும் பண்ணுவாகளா?"

"எதுக்குன்னு கேக்குறீக? எது கெடுதுன்னு பாக்குறதுக்குத்தான்!"

"கெடாமப் பாக்கச் சொல்லித்தானே ஒங்கக்கிட்டக் குடுத்தேன்?"

செம்மலை தலையைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஒரு பொருளைக் கெடுத்துப் பார்க்காமல் அதன் ஆயுசு தெரியாது என்று பதினோரு வருஷமாக அவர் மூச்சு விடுவது போலச் செய்துவந்த காரியத்தை, வெளியே ஒரு மனிதருக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, மொடாவின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். ஜமால் முகம்மதுவால் அதைத் தூக்க முடியாது. காளியாயியாலும் முடியவில்லை. எட்டு நாளும் அடுத்த வீட்டு அம்மியில் அரைத்ததை அவள் எட்டு வருஷம் சொல்லிக்காட்டினாள்.

ஒன்பதாம் நாள் மறுபடி கண்டரமாணிக்கத்துக் கிணறு. இந்த முறை பீர் முகம்மதுவும் தொண்டியிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர். விலாவில் இன்னும் துணிக்கட்டு. அதிகம் பேசவில்லை. கிணற்றைச் சுற்றி வந்து, தன் ஈயக் குண்டுக் கயிற்றைத் தானே விட்டு அளந்தார். மூன்று பாகம்.

சாம்பல் பெட்டியை விட்டார்கள். மூன்று.

பளபளப்பானதை விட்டார்கள். சிவப்பு வெளிச்சம் ஐந்துக்கு நேரே, கொஞ்சமும் நடுங்காமல், அழகாக மின்னியது.

"அஞ்சு!" என்றார் ஜமால் முகம்மது, ஏதோ பரிசு விழுந்த மாதிரி. பிறகுதான் அவருக்கு உறைத்தது.

செம்மலை பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். சக்கரம் ஓடுகிற வேகத்தைப் பிடித்து வைக்கிற ஒரு சின்னத் தகட்டு முனை பச்சைப் பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிடி விட்டுப்போன சக்கரம் இஷ்டத்துக்கு வேகமாகச் சுற்றியது. சத்தம் திரும்பி வருவதற்குள் மூன்றைத் தாண்டி ஐந்துக்குப் போய்விடுகிறது.

"நின்னு போச்சுன்னா பரவாயில்ல பாய். நின்னு போனா இவரு கயித்தை எடுத்துருவாரு. இது நிக்கல. ஓடிக்கிட்டே பொய் சொல்லுது. ரெண்டு பாகம் கூட்டிச் சொல்லுது. பனியில இதைப் பாத்துத் தோணியை விட்டா நேரா திட்டுதான்."

பீர் முகம்மது இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "மச்சான், சாம்பல்" என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விட்டார்.

அத்தோடு முடிந்தது என்று செம்மலை நினைத்தார். குமிழைத் தோணியின் அடிப்பலகையில் எந்த இடத்தில் பொருத்த வேண்டும், ஓட்டையில் எதை வைத்து அடைக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். தோணி பழுது பார்க்கக் கரையில் ஏற்றியிருந்ததால் அந்த வேலை அங்கே நடந்தது. பெட்டியை மட்டும் ஜமால் முகம்மது, "கடைசியில நானே கொண்டாந்து வைக்கிறேன்" என்று காரைக்குடியிலேயே வைத்துக்கொண்டார். அந்த வார்த்தையில் செம்மலைக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு தோணி கிளம்புவதாக ஏற்பாடு. செம்மலை ஒரு நாள் லீவு போட்டு, காளியாயி வெளுத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தொண்டிக்குப் போனார். கடற்கரையில் பந்தல். காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் வந்த விருந்தாளிகள், நெய்ச்சோற்று அண்டா, புகை. தோணி தண்ணீரில் இறக்கப்பட்டு, பத்தடி தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. பந்தல் நடுவே மேஜை மேல், மல்லிகைச் சரம் சுற்றி, ஒரு தேக்குப் பெட்டி.

அது பெட்டி என்று சொன்னால் அதற்கு மரியாதைக் குறைவு. கானாடுகாத்தான் செட்டியார் வீட்டு நிலைக்கதவு ஒன்றைச் சுருக்கி மேஜையில் வைத்த மாதிரி இருந்தது. நாலு மூலையிலும் கடைந்த தூண். மேலே கொடி, பூ, நடுவில் பிறை. எண்ணெய் போட்டுத் தேய்த்த பர்மாத் தேக்கு. நடுவே ஒரு வட்ட ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து எக்கோ சவுண்டரின் முகம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் தோளில் பட்டுத் துண்டோடு தச்சர் முத்தப்பன் நின்றார்.

செம்மலை மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "பாய், சாம்பல் பெட்டி எங்க?"

"இதான் தம்பி. உள்ள இருக்கே."

"முகம் இருக்கு. ஒடம்பு எங்க? அந்தச் சாம்பல் கூடு?"

முத்தப்பன் பெருமையோடு முன்னால் வந்தார். "அந்தத் தகரத்தோட வச்சா தேக்குக்குள்ள போகல ஐயா. ரெண்டு விரக்கடை இடிச்சுச்சு. கழட்டிப் போட்டுட்டு மிஷினை மட்டும் நறுவிசா எறக்கிட்டேன். ஒரு கீறல் விழுந்திருந்தா என்னையக் கேளுங்க."

"ரப்பர் வளையம்?"

"எந்த ரப்பரு?"

செம்மலை பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அழகான சல்லடை வேலை. காற்று போய் வர. உள்ளே பித்தளை முனைகளும் அந்தச் சின்னத் தகடும் கடற்காற்றில் அம்மணமாக நின்றன. ஒரு மாசம் அவர் பட்ட பாடு, மொடா, அம்மி, எல்லாம் எதற்கு? அந்தக் கூட்டுக்காக. கூட்டைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

"இது போகக் கூடாது" என்றார்.

"என்னா?"

"இந்தப் பெட்டி தோணியில ஏறக் கூடாது பாய். பத்து நாளு தாங்காது. அன்னைக்குக் கெணத்துல பாத்தீகளே, அதே கதைதான் இதுக்கும்."

ஜமால் முகம்மது சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பாத்திஹா ஓதியாச்சு. சனம் வந்து உக்காந்திருக்கு. நல்ல மிஷினைத்தானே உள்ள வச்சிருக்கு? நீங்க சொன்னதைத்தானே கேட்டேன்? வெளிய கொஞ்சம் லெச்சணமா இருந்தா ஒங்களுக்கு என்னா வலிக்குது?"

"அந்த அவலட்சணந்தான் பாய் அதைக் காப்பாத்துச்சு!"

சத்தம் கேட்டு விருந்தாளிகள் திரும்பினார்கள். முத்தப்பன் கோபமாக, "என் வேலையில கொறை சொல்லாதீக. இந்தக் கையி செஞ்ச கதவுல நூறு வருசம் மழை அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். கதவுக்கு ஆகாது, அது வாஸ்தவம்தான்.

செம்மலைக்குப் பேசிப் பயனில்லை என்று புரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். ஒரு செம்பு நிறைய கடல் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து, பெட்டிக்கு மேலே பிடித்தார்.

"ஊத்தவா?"

ஜமால் முகம்மது பாய்ந்து வந்து இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துக்கொண்டார். "பைத்தியமா ஒங்களுக்கு!"

"இந்த ஒரு செம்புக்கே கட்டிப் பிடிச்சுக்கிறீக. பெரிய அலை அடிக்கிறப்ப நீங்க கட்டிப் பிடிக்கப் போவீகளா தோணிக்கு?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். பீர் முகம்மது சிரிக்கவில்லை. மேஜையருகே வந்து, பின்பக்கச் சல்லடைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே இருந்த தகட்டைத் தொட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

"மச்சான், நான் இன்னைக்குத் தோணி எடுக்கல."

"மாப்புள, ஓதினதுக்கு அப்புறம் நிறுத்துனா நல்லாவா இருக்கும்?"

பெண்கள் இருந்த தடுப்புக்கு அப்பாலிருந்து அமீனாவின் குரல் வந்தது. அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "காக்கா, ஓதினது தோணிக்கு. தேக்குப் பெட்டிக்கு யாரும் ஓதல. சோறு ஆறுது, எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்க."

விருந்தாளிகளுக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இருக்கவில்லை.

"கூடு எங்க கெடக்கு?" என்று செம்மலை முத்தப்பனைக் கேட்டார்.

"பட்டறையில. அதுக்குள்ள ஆணி போட்டு வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலப் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் காரைக்குடிக்குத் திரும்பினார்கள். மடியில் தேக்குப் பெட்டி, ஆளுக்குப் பாதி. ஊர் நெருங்கும்போது முத்தப்பன், "அந்தத் தகரத்துல அப்படி என்னா இருக்கு?" என்றார். செம்மலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டறையில் ஆணியைக் கொட்டிவிட்டுக் கூட்டைப் பார்த்தபோது இன்னொரு அடி காத்திருந்தது. சுவரில் மாட்டுவதற்காக முத்தப்பன் அதில் இரண்டு துளை போட்டிருந்தார். ரப்பர் வளையம் கிடைக்கவே இல்லை. செம்மலை சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கடையில் ஒரு டியூப் வாங்கி, வளையமாக வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டினார். துளைகளுக்குப் பித்தளைத் திருகும் ரப்பர் வாஷரும். பிறகு காலிக் கூட்டை மூடி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். முதல் தடவை வந்தது. இரண்டாம் தடவை வந்தது. காளியாயி சாப்பிடக் கூப்பிட்டு ஓய்ந்து போனாள். ஐந்தாம் தடவை வரவில்லை.

ஞாயிறு காலை தொண்டியில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. தோணியில் பீர் முகம்மது, நாலு ஆட்கள், செம்மலை. ஜமால் முகம்மது கரையிலேயே நின்றுகொண்டார். கோபம் இன்னும் தீரவில்லை. செம்மலை மிஷினைக் கூட்டுக்குள் வைத்து மூடி, வயரைப் பூட்டி, தண்டல் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டினார். சும்மா ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகப் பேச்சு.

செம்மலை அதுவரை கடலில் போனதில்லை. பாய் ஏறிய பத்தாவது நிமிஷம் காலையில் தின்ற இட்லி வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். சிவப்பு வெளிச்சம் மூன்றில் நின்றது.

"மூணு" என்றார்.

பீர் முகம்மது ஈயக் குண்டை விட்டார். கயிற்று முடிச்சை எண்ணி இழுத்தார். "மூணரை."

செம்மலைக்குக் கடல்மயக்கம் போய் வேறு மயக்கம் வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். பெட்டி நாலு என்றது. கயிறு நாலரை. பெட்டி மூன்றேகால் என்றால் கயிறு மூன்றே முக்கால். ஒவ்வொரு தடவையும் அரைப் பாகம் இடித்தது. மொடாவும் கிணறும் அம்மிக்கல்லும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. இதுவும் பொய்தானா? டியூப் வளையத்தில் ஏதாவது? திருகை இறுக்கியதில் தகடு நகர்ந்ததா?

"தண்டலே, திருப்புங்க" என்றார். "இதுவும் சரியில்ல. நான் தெரியாமச் சொல்லிட்டேன். எனக்குத்தான் தெரியாதுன்னு அப்பவே சொன்னேனே."

பீர் முகம்மது ஈயக் குண்டைப் பலகையில் வைத்தார். "செம்மலை, குமிழு எங்க இருக்கு?"

"அடிப்பலகையில."

"அடிப்பலகை எங்க இருக்கு?"

"தோணிக்கு அடியில."

"தோணி தண்ணிக்குள்ள எம்புட்டு எறங்கி நிக்குது?"

செம்மலை தோணிக்கு வெளியே எட்டித் தண்ணீரைப் பார்த்தார்.

"காலித் தோணி, அரைப் பாகம். கயிறு தண்ணி மட்டத்துல இருந்து அளக்குது. இது அடியில இருந்து அளக்குது. எனக்கு வேண்டியதும் அதுதானே, அடிக்குக் கீழ எம்புட்டுன்னு." விலாவைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தார். "சரியாத்தானய்யா சொல்லுது. கெணத்துல நீங்க மேல தொங்கவிட்டு அளந்தீக. அங்க அடி ஏது?"

செம்மலை தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். ஒரு மாசமாக ஊரில் எல்லோரையும் அறிவில்லாதவர்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

பீர் முகம்மது கயிற்றைச் சுருட்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டினார். "ஒரு மாசம் ரெண்டும் ஓடட்டும்" என்றார். "நாளைக்குக் கரி ஏத்துறேன்." தோணியைத் திருப்பச் சொன்னார்.

கரையில் ஜமால் முகம்மது முழங்கால் தண்ணீர் வரைக்கும் வந்து காத்திருந்தார். கோபத்தையும் மீறி ஆவல். "என்னா தம்பி, என்னா சொல்லுச்சு? சரியாச் சொல்லுச்சா?"

செம்மலை நிஜத்தைச் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு. "கயித்தை விட அரைப் பாகம் கொறச்சுச் சொல்லுது பாய். ஆனா..."

"கொறச்சா!" ஜமால் முகம்மதுவின் குரல் கரை முழுவதும் கேட்டது. "அப்ப இதுவும் பொய்தானே சொல்லுது? தேக்குல வச்சா கெட்டுப்போகும்னு சொன்னீக, தகரத்துல வச்சும் கெட்டுப்போச்சா?"

"கெடல பாய். சொல்றதைக் கேளுங்க. தோணி தண்ணிக்குள்ள இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கும் மிஷினுக்கும் என்னா சம்பந்தம்?"

செம்மலை பீர் முகம்மதுவைத் திரும்பிப் பார்த்தார். அவர் நங்கூரக் கயிற்றைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு வழியில்லை. இன்னும் தலை சுற்றிக்கொண்டிருந்த செம்மலை ஈர மணலில் உட்கார்ந்து, விரலால் ஒரு தோணியை வரைய ஆரம்பித்தார்.

"இங்குட்டு வந்து உக்காருங்க பாய்" என்றார். "மொதல்ல இருந்து சொல்றேன்."